சாமி விளக்கும் ஏழு மெகாஹெர்ட்ஸும்

எங்கள் வீடு மன்னார்குடியில், ஹரித்ரா நதி தெப்பக்குளத்திலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில் இருக்கிறது. வீடு என்று சொல்வதைவிடப் பாதி வீடு என்று சொல்வதே சரி. தாத்தா கட்டியதை அப்பாவும் பெரியப்பாவும் தெருவிலிருந்து கொல்லை வரை நடுவில் ஒரு சுவர் எழுப்பிப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் 14 அடி அகலம். நீளம் மட்டும் ரயில் பெட்டி போலப் போய்க்கொண்டே இருக்கும்: திண்ணை, ரேழி, கூடம், சமையற்கட்டு, கொல்லை. மொட்டைமாடியும் அதே 14 அடிதான், நீளம் 50 அடி. இந்த இடத்தில் ஒரு அமெச்சூர் வானொலி நிலையம், அதாவது உரிமம் வாங்கிக்கொண்டு வீட்டிலிருந்தே மற்ற ஆர்வலர்களோடு ரேடியோவில் பேசும் ஏற்பாடு, வைக்கப்போகிறேன் என்றதும் என் மனைவி கேட்ட ஒரே கேள்வி, "எங்க வைப்பீங்க?"

அப்போது நானும் அதைத்தான் பெரிய சிக்கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன், இடப் பிரச்சினை ஒரு வாரத்தில் தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு இரண்டு வருஷமாக நான் மல்லுக்கட்டுவது வேறொன்றோடு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு தேதி இருக்கிறது: 2018 நவம்பர் 16. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய விடிகாலை. டெல்டாக்காரர்களுக்கு அந்த இரவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் கொல்லையில் இருந்த இரண்டு தென்னையும் போயின. அக்காவைக் கட்டிக்கொடுத்தது வேதாரண்யம் பக்கம். மூன்று நாள் அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. செல்போன் கோபுரம் இருக்கிறது, கையில் போன் இருக்கிறது, சிக்னல்தான் இல்லை. நான்காம் நாள் மச்சான், விழுந்து கிடந்த மரங்களுக்கு இடையே மொபெட்டைத் தள்ளிக்கொண்டும் ஓட்டிக்கொண்டும் வந்து நின்றார். ஓடு எல்லாம் போச்சு, ஆள் எல்லாரும் நல்லா இருக்கோம் என்றார். இவ்வளவுதான் தகவல். ஒரு வரி. அது 60 கிலோமீட்டர் வருவதற்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது.

அந்த ஒரு வரி மனதில் உட்கார்ந்துகொண்டது. அப்புறம்தான் ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலிக்கு இன்னொரு பெயர், அதில் பேசுகிறவர் ஹாம்) பற்றித் தேடிப் படித்தேன். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், அந்தமானிலிருந்து உலகத்தோடு பேசுவதற்கென்றே போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தார். 26-ஆம் தேதி சுனாமி வந்தது. வழக்கமான தொடர்புகள் அறுந்துபோன தீவிலிருந்து, உயிரோடு இருக்கிறார்கள் என்ற தகவல்களை அவருடைய நிலையம் கொண்டுபோனது. அதே நாளில் எங்கள் நாகப்பட்டினக் கடற்கரையில் என்ன நடந்தது என்பதும் எல்லோருக்கும் தெரியும். மறுபடி புயல் வந்தால் ஊரைக் காப்பாற்றிவிடுவேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை எனக்கு இல்லை. அந்த ஒரு வரியை அனுப்பத் தெரிந்த ஒருவன் தெருவில் இருக்கட்டுமே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

உரிமம் வாங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறைக்குக் கீழே உள்ள டபிள்யூ.பி.சி. என்ற பிரிவு நடத்தும் தேர்வு. ரேடியோ பாடம் ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. 12 வயது நிரம்பியிருந்தால் போதும், யாரும் எழுதலாம். நான் எழுதியது ரெஸ்ட்ரிக்டட் கிரேடு. அதற்கு மோர்ஸ் என்கிற தந்திக் குறி தேவையில்லை. ஜெனரல் கிரேடு வேண்டுமானால் நிமிஷத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். எனக்கு இன்னும் கட்டுக்கடகட்டு என்றுதான் கேட்கிறது. சென்னைக்குப் போய் எழுதிவிட்டு வந்தேன். வி.யூ.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி வந்த அன்று, அதை வாசலில் கோலமாகப் போட்டாள் என் மகள். தபால்காரர் அது ஏதோ வண்டி நம்பர் என்று நினைத்துக்கொண்டார்.

இனி இடம். மாடிப்படிக்குக் கீழே நாலு அடிக்கு ஐந்து அடி ஒரு பொந்து. உடைந்த கயிற்றுக்கட்டில், கோலமாவு டின், பொங்கலுக்கு மட்டும் வெளியே வரும் வெண்கலப் பானை, யாருக்கும் நினைவில்லாத ஒரு சாக்கு எல்லாம் அங்கே குடியிருந்தன. அவற்றைப் பரணுக்கு அனுப்பினேன். அம்மாவின் தையல் மெஷின் பழுதாகிப் போனாலும் இரும்பு ஸ்டாண்டும் பலகையும் நன்றாகவே இருந்தன. அதுதான் மேஜை. கீழே மிதிபலகை இருந்த இடத்தில் 42 ஆம்பியர் பேட்டரி, மேலே ரேடியோ, படியின் சரிவில் ஆணி அடித்து ஹெட்போன். உட்கார முக்காலி. ஹாம்கள் நிலையம் இருக்கும் அறையை ஷேக் என்று சொல்வார்கள், குடிசை என்று அர்த்தம். எங்கள் ஊர்க் குடிசையில்கூட நிமிர்ந்து நிற்கலாம். இங்கே எழுந்திருக்கும்போது படியின் அடிப்பாகம் மண்டையைப் பதம் பார்க்கும். ஒரு மாதத்தில் உடம்பே பழகிக்கொண்டது. இப்போது கல்யாண வீட்டில்கூடக் குனிந்துதான் எழுந்திருக்கிறேன் என்று மனைவி சொல்கிறாள்.

முதலில் வாங்கியது பிட்எக்ஸ் வகைக் கருவி. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்தது. சாதாரணக் கடையில் கிடைக்கும் பாகங்களை வைத்தே இந்திய ஹாம்கள் கட்டிக்கொள்ளட்டும் என்று 2003 வாக்கில் அவர் ஆரம்பித்து வைத்த வரிசை. இன்றைக்கு உலகம் முழுவதும் கட்டுகிறார்கள். பிறகு ஒரு பழைய ஜப்பான் ரேடியோ செகண்ட் ஹேண்டில் வந்தது. முள் ஆடுகிற மீட்டர் அதில் உண்டு. இந்த முள்தான் கதையில் பின்னால் வருகிறது.

பெட்டியை வைத்துவிட்டால் நிலையம் ஆகிவிடாது. வயர் வேண்டும். 40 மீட்டர் அலைவரிசை, அதாவது 7 மெகாஹெர்ட்ஸ், நம் ஊர்க்காரர்கள் அதிகம் பேசுகிற இடம். அதற்கு அரை அலை நீளத்தில் ஒரு டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேரும் இரண்டு கைக் கம்பி ஆண்டெனா, என்றால் கணக்கு சுலபம்: 468-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அடிக் கணக்கில் நீளம். 7.1-க்கு 66 அடி. எங்கள் அகலம் 14 அடி. அகலமான வீட்டில் இருப்பவர்கள்தான் இந்த இடத்தில் தவித்துப்போவார்கள். ரயில் பெட்டி வீட்டுக்காரனுக்கு அந்தக் கவலை இல்லை. தாத்தா தெரியாமலே 40 மீட்டருக்கு வீடு கட்டியிருக்கிறார்.

ஆனாலும் மாடி 50 அடிதான். நடுவில் ஒரு கம்பம் நட்டு இரண்டு கையையும் சரித்து விட வேண்டும். தலைகீழ் வி என்பார்கள். பந்தல் போடுகிறவரிடம் 20 அடிச் சவுக்குக் கழி ஒன்று வாங்கினேன். "என்ன விசேஷம் சார், ஒரே ஒரு கால் போதுமா?" என்றார். முன் பக்கத்துக் கை தெருவோரக் கைப்பிடிச் சுவரில் முடிந்தது. பின் பக்கத்துக் கை மாடியைத் தாண்டிக் கொல்லையின் மேல் தொங்கி, கஜாவில் தப்பித்த ஒரே தென்னையில் முடிய வேண்டும். அந்தத் தென்னை சுவருக்கு அந்தப் பக்கம், பெரியம்மாவுடையது.

பெரியம்மா யோசித்தார். "கட்டிக்கோடா. ஆனா இடியை இழுத்துட்டு வந்து என் மரத்துல விட்டுடாதே." இதை நான் சிரித்து ஒதுக்கவில்லை. சித்திரை, வைகாசியில் கோடை இடி எப்படி இறங்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் எர்த்துக்குத்தான் முதல் செலவு. எலெக்ட்ரீஷியன் தம்பி ஆறடிக் கம்பியை எடுத்து வந்து, சுத்தியலால் அடிக்க ஆரம்பித்து, பாதியில் சிரித்துவிட்டார். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்குகிறது. எங்கள் மண் ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். கொஞ்சம் தோண்டினாலே ஈரம். பாறை ஊர்க்காரர்கள் கரியும் உப்பும் கொட்டிக் கெஞ்சி வாங்கும் எர்த் இங்கே சும்மா கிடைக்கிறது. அந்தக் கம்பியை வீட்டு எர்த்தோடும் சேர்த்துக் கட்டச் சொன்னேன். தனித்தனியாக விட்டால் இடி விழும் நேரத்தில் இரண்டுக்கும் நடுவே ரேடியோதான் மாட்டிக்கொள்ளும். அப்புறம் ஒரு வழக்கம்: வானம் கறுத்தால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவது. துணி எடுக்க மாடிக்கு ஓடுகிற நேரத்திலேயே இதுவும் நடக்கும்.

வயர் வீட்டு ஒயரிங்குக்கு வாங்குகிற அதே ஒன்றரை எம்.எம். செம்புக் கம்பி. முனைகளில் பி.வி.சி. குழாய்த் துண்டு. கம்பத்தின் உச்சியிலிருந்து இறங்கும் கேபிள், டிவிக்காரர் போடும் ஆர்.ஜி. 6. ரேடியோக்காரர்கள் 50 ஓம் கேபிள்தான் வேண்டும் என்பார்கள், இது 75. ஆனால் டைபோலின் சொந்தக் குணமே எழுபது ஓமுக்குப் பக்கத்தில்தான், பெரிய நஷ்டம் இல்லை. ஒரே தொல்லை, அதன் வெளிவலை அலுமினியம். ஈயம் ஒட்டாது. திருகி இறுக்குகிற கனெக்டரோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டும்.

கணக்குப்படி ஒரு கைக்கு 33 அடி வெட்டிக் கட்டி, நானோ வி.என்.ஏ. என்ற சின்ன அளவுக்கருவியை மாட்டிப் பார்த்தேன். கம்பி ஒத்திசையும் இடத்தைக் காட்டும் பள்ளம், 7.1-இல் இருக்க வேண்டியது, 6.85-இல் இருக்கிறது. பயப்பட ஒன்றுமில்லை. கம்பிக்கு மேலிருக்கும் பிளாஸ்டிக் உறை அலையைக் கொஞ்சம் மெதுவாக்கும், அதனால் கம்பி தன் நீளத்தைவிட நீளமாக நடந்துகொள்ளும். இரண்டு கையிலும் 14 அங்குலம் குறைத்த பிறகு சரிக்கு வந்தது. தையல்காரர் போல, வெட்டுவதற்கு முன் மடித்துக் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன்.

தென்னை காற்றில் ஆடும். கயிற்றை இறுக்கிக் கட்டினால் ஒரு நல்ல காற்றில் வயர் அறுந்துவிடும். கொல்லைக் கிணற்றுக்கு மோட்டார் போட்டதிலிருந்து சும்மா தொங்கிய ராட்டினத்தைக் கழற்றி மரத்தில் கட்டி, கயிற்றை அதன் வழியாக விட்டு, முனையில் மணல் நிரப்பிய பாட்டில் ஒன்றைத் தொங்கவிட்டேன். மரம் இந்தப் பக்கம் சாய்ந்தால் பாட்டில் இறங்கும், அந்தப் பக்கம் சாய்ந்தால் ஏறும். தேங்காய் பறிக்க வந்தவர் மேலே போய் அதைப் பார்த்துவிட்டு, "கள்ளு இறக்குறீங்களா தம்பி?" என்று கத்தினார். தெரு முழுக்கக் கேட்டது.

ஆக, வயரும் ஆயிற்று, பெட்டியும் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஹெட்போனை மாட்டி 7.1-க்குத் திருப்பினேன். அரிசி மில்லுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. ஓர் உறுமல், அதன்மேல் ஒரு கிர்ர், அதற்கும் மேல் சீரான டிக் டிக். நடுவில் எங்கோ மனிதக் குரல்கள், கிணற்றடியிலிருந்து பேசுவதுபோல. மீட்டரின் முள் 8-இல் போய் உட்கார்ந்துகொண்டு அசைய மறுத்தது. யாரும் பேசாதபோதே 8.

இங்கே அந்த முள்ளைப் பற்றிக் கொஞ்சம். எஸ் மீட்டர் என்று பெயர். 1 முதல் 9 வரை. ஒவ்வொரு படியும் 6 டெசிபல், அதாவது சக்தியில் நாலு மடங்கு. முள் 8-இலிருந்து 4-க்கு இறங்கினால் இரைச்சல் 250 மடங்குக்குப் பக்கம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். இதை வேறு பக்கமிருந்து பாருங்கள். 10 வாட்டில் பேசுகிற ஒருவர் காசு சேர்த்து 100 வாட்டுக்கு மாறினால் எதிராளியின் முள் இரண்டு படிகூட ஏறாது. 10 டெசிபல்தான். ஆகவே என்னுடைய காது அடைத்துக்கொண்டிருக்கும்போது உலகத்தில் எல்லோரும் பெரிய ரேடியோ வாங்கினாலும் எனக்குக் கேட்காது. இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்றுதான், இவ்வளவு நாள் இடத்தைப் பற்றிக் கவலைப்பட்டது எவ்வளவு அசட்டுத்தனம் என்று புரிந்தது. நாலு அடி மேஜை போதும். அந்த மேஜையைச் சுற்றி அமைதி வேண்டும். பெருமாள் கோயில் ராஜகோபுரத்தைப் பார்க்கும்போதெல்லாம் 154 அடி, 154 அடி என்று மனது கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததும் அன்றோடு நின்றது. (முழுக்க நின்றது என்று சொல்ல முடியாது.)

துப்பறிய ஆரம்பித்தேன். ரேடியோ பேட்டரியில் ஓடுவதால் இதற்கு வசதி. வீட்டு மெயினை அணைத்தேன். முள் 8-இலிருந்து 6-க்கு இறங்கியது. ஆக, திருடர்களில் பாதிப் பேர் நம் வீட்டுக்குள்தான். மெயினைப் போட்டு, ஒவ்வொரு எம்.சி.பி.யாக, அப்புறம் ஒவ்வொரு பிளக்காக. கூடத்தில் எரியும் எல்.இ.டி. பல்பு ஒன்று. தெருவில் மூட்டையோடு வந்தவரிடம் நூறு ரூபாய்க்கு மூன்று என்று வாங்கியது. மகனின் போன் சார்ஜர். ஒரிஜினல் தொலைந்துபோய் பஸ் ஸ்டாண்டில் வாங்கியது. செட்டாப் பாக்ஸின் அடாப்டர். இவை எல்லாம் ஒரே ஜாதி. 230 வோல்ட்டை வேகமாக வெட்டி வெட்டிச் சின்ன வோல்ட்டாக்கும் சுவிட்ச் மோட் சர்க்யூட்டுகள். நல்ல கம்பெனிக்காரன் அந்த வெட்டலின் சத்தம் வெளியே போகாமல் வடிகட்டி வைப்பான். விலை குறைக்க வேண்டியவன் முதலில் கழற்றுவது அந்த வடிகட்டியைத்தான். வீட்டு ஒயரிங் முழுக்க அதற்கு ஆண்டெனா. சுவரில் மாட்டியிருந்த கொசு பேட்டைக் கடைசியில்தான் சந்தேகப்பட்டேன். சார்ஜில் போட்டால் முள் ஒரு படி ஏறுகிறது! மூன்று வாரம் நான் வேட்டையாடிய டிக் டிக் அதுதான்.

சிலதை மாற்றினேன். சிலவற்றின் வயரை ஃபெரைட் வளையத்துக்குள் ஏழெட்டுச் சுற்று சுற்றினேன். இந்த வளையம் மந்திரத் தாயத்து மாதிரி, ஒரு சுற்று சுற்றினால் பலன் கொஞ்சம்தான். சுற்று இரண்டு மடங்கானால் பலன் ஏறத்தாழ நாலு மடங்கு. வயர் கொள்ளுகிற வரை சுற்ற வேண்டும். வீட்டில் எல்லாம் போட்டிருக்கும்போதும் முள் இப்போது 6. மெயினை அணைத்தால் கிடைத்த அளவுக்கு வந்தாயிற்று. மிச்சம் சுவருக்கு அந்தப் பக்கம்.

கையில் பிடிக்கிற சின்ன டிரான்சிஸ்டரை மீடியம் வேவில் நிலையம் இல்லாத இடத்தில் வைத்துக்கொண்டு, பாகப்பிரிவினைச் சுவரோரம் ராத்திரி நடந்தேன். திருடன் என்று யாரும் நினைக்காதது என் அதிர்ஷ்டம். கூடத்துக்கு நேரே சத்தம் ஏறியது. அந்தப் பக்கம் பெரியம்மாவின் பூஜை அறை. அங்கே வெங்கடாசலபதி படத்தைச் சுற்றி ஓடும் கலர் எல்.இ.டி. சீரியல் லைட், இருபத்து நாலு மணி நேரமும் எரியும். பெரியப்பா இறந்த வருஷத்திலிருந்து அணைத்ததே இல்லை.

இதை எப்படிப் போய்ச் சொல்வது? நாலு நாள் தள்ளிப்போட்டேன். அப்புறம் ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்து, காபி குடித்து, மழை, உரம், மேட்டூர் எல்லாம் பேசி முடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தேன்.

"சாமி விளக்குல உனக்கு என்னடா சத்தம் கேக்குது? எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

விளக்கத்தால் ஆகிற காரியம் இல்லை. வந்து கேளுங்கள் என்று கூப்பிட்டேன். மாடிப்படிக்குக் கீழே அவர் குனிந்து நுழைந்து முக்காலியில் உட்கார்ந்ததே ஒரு காட்சி. ஹெட்போனைத் தலையில் வைத்துவிட்டு, சுவர் மேலாக என் மகளைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். அவள் பெரியம்மா வீட்டில் ஸ்விட்சை அணைத்தாள். முள் 6-இலிருந்து 4-க்கு விழுந்தது. உறுமல் போனது, உள்ளே ஒரு குரல் எழுந்து வந்தது. கொழும்பிலிருந்து ஒருவர், யாழ்ப்பாணத் தமிழில், தன் தோட்டத்து மாமரத்தில் வயர் கட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "யாருடா இது, இவ்வளவு பக்கத்துல பேசறாரு?"

கொழும்பு நேர்கோட்டில் 400 கிலோமீட்டரைச் சுற்றி. சென்னை 280, பெங்களூர் 330. என் கம்பத்தின் உச்சி தரையிலிருந்து 30 அடிதான். 40 மீட்டருக்கு இது ரொம்பத் தாழ்வு, கால் அலைகூட இல்லை. தாழ்வாக இருப்பதால் அலை பெரும்பாலும் நேர் மேலே போகிறது. வளிமண்டலத்தின் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டு, மழை மாதிரி சுற்று வட்டாரத்தில் இறங்குகிறது. அமெரிக்காவைப் பிடிக்க நினைப்பவர்களுக்கு இது மோசமான ஆண்டெனா. பகல் நேரத்தில் கொச்சியோடும் கொழும்போடும் ஹைதராபாத்தோடும் பேச இதைவிட நல்லது தேவையில்லை. புயல் நாளில் வேதாரண்யத்துக்குப் பேச வேண்டுமானாலும் இதுதான் வேண்டும். வாக்கி டாக்கி மாதிரியான கையடக்க வி.எச்.எஃப். கருவியின் அலை நேர்க்கோட்டில்தான் போகும். எங்கள் ஊர் பாய் விரித்த மாதிரி சமதளம், ஏறி நின்று பேச ஒரு குன்றுகூடக் கிடையாது.

பெரியம்மா விளக்கை அணைக்கச் சம்மதித்தார் என்று நினைத்தால் தப்பு. "நீ பேசற நேரத்தைச் சொல்லு, அப்ப அணைச்சு வைக்கிறேன்" என்றார். அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பெரியப்பாவின் விளக்கு. கடைசியில் பழைய சாமான் கடை ஒன்றில், கையில் எடுத்தால் கனக்கிற, உள்ளே இரும்புக் கருவும் செம்புச் சுற்றும் உள்ள பழைய காலத்து அடாப்டர் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். டையோடு, கெபாசிட்டர் சேர்த்து, அந்த சீரியல் லைட்டின் எலெக்ட்ரானிக்ஸ் பெட்டியைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தினேன். விளக்கு இப்போது ஓடுவதில்லை, நின்று நிதானமாக எரிகிறது. "இதுதான் நல்லா இருக்கு, கண்ணைக் கூசல" என்றார். சத்தம் அறவே இல்லை. 

மாதத்தில் ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துவார்கள். பேப்பரில் அறிவிப்பு வரும். தெருவே புலம்புகிற அன்றைக்கு நான் லீவு போட்டுவிடுவேன். முதல் ஐந்து நிமிஷம் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் எழுந்து கரகரக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ராகம், எந்த வீடு என்று இப்போது எனக்குக் கேட்டே தெரியும். பதினோரு மணிக்கு மேல் அவையும் ஒவ்வொன்றாக அடங்கும். அப்போது முள் 2-க்கு வரும். அந்த அமைதியில் இதுவரை கேட்காததெல்லாம் கேட்கும். அசாமிலிருந்து ஒருவர் ஐந்து வாட்டில் பேசியது ஒரு ஷட்டவுன் நாளில்தான் எனக்குக் கேட்டது. அவர் என்னிடம் எப்படி இவ்வளவு தெளிவாக எடுக்கிறீர்கள், என்ன ஆண்டெனா என்று கேட்டார். ஊரில் கரண்ட் இல்லை என்றேன். சிரித்தார். அவருக்கும் அன்று கரண்ட் இல்லையாம்.

வெயில் காலத்தில் இன்னொரு சத்தம் வரும், படபடவென்று பொரி பொரிகிற மாதிரி. மின்கம்பத்து இன்சுலேட்டர்களில் மாதக்கணக்காகத் தூசி படிந்து எங்கோ பொறி கசிகிறது. யாரிடம் போய்ச் சொல்வது? முதல் மழை கழுவிவிட்டால் தானாக நின்றுவிடும். மேட்டூர் திறந்தாலே எங்களுக்கு நிம்மதி என்று விவசாயிகள் சொல்வார்கள். எனக்கு மழை பெய்தால் நிம்மதி.

இருட்டிய பிறகு வேறொரு வேடிக்கை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிப் பக்கமாகத்தான் போகிறது. தும்பாவில் ராக்கெட் ஏவ இடம் பார்த்ததே அதனால்தான், 1963-இல் முதல் ராக்கெட் போனது அங்கிருந்து. நாங்கள் அதற்குச் சற்றே வடக்கு. சூரியன் மறைந்த பிறகு இந்தப் பகுதிக்கு மேலே அயனி மண்டலம் குமிழ் குமிழாகக் கலங்கும். 21 மெகாஹெர்ட்ஸில் தூரத்துக் குரல்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவதுபோல் நடுங்கும். ரேடியோ பழுது என்று நினைத்து நான் ஒரு வாரம் ஸ்க்ரூ டிரைவரோடு இருந்தேன். எஃப்.டி.8 என்று ஒரு முறை இருக்கிறது, 1993-இல் நோபல் வாங்கிய ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் சேர்ந்து 2017-இல் கொண்டுவந்தது. இரைச்சலுக்குள் அமிழ்ந்து காதுக்கே கேட்காத சிக்னலைக்கூடக் கணினி படித்துவிடும். என்னுடைய கஷ்டத்துக்கு அதுதான் மருந்து என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்குக் குரல் வேண்டும். மாமரத்தில் வயர் கட்டிய கதையைக் கணினி எனக்குச் சொல்லாது.

ஒரு தோல்வியையும் எழுதிவிட வேண்டும். போன ஐப்பசி அடைமழையில் எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பிய சக்தியில் எவ்வளவு ஆண்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு, குறைந்தால் நல்லது) திடீரென்று மிக நல்லதாகிவிட்டது. எந்த அலைவரிசையில் பார்த்தாலும் ஒன்றரைக்குக் கீழே. இரண்டு நாள் பெருமையாக இருந்தேன். யாருக்கும் என் குரல் கேட்கவில்லை. அப்புறம் ஏறிப் பார்த்தால், கம்பத்துக்கு அருகில் அணில் கேபிளின் தோலைக் கடித்து வைத்திருக்கிறது. அந்த ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, வெளிவலை நெடுகக் கருத்து, மாடிப்படி வரை வந்து கனெக்டரை நனைத்திருக்கிறது. ஈரக் கேபிள் சக்தியைத் தின்றுவிட்டது. திரும்பி வர எதுவும் மிஞ்சாததால் மீட்டர் எல்லாம் நலம் என்று காட்டியிருக்கிறது. முழுக் கேபிளையும் மாற்றினேன். இப்போது வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கேபிள் ஒரு வளைவு தொங்கி வருகிறது, தண்ணீர் அங்கேயே சொட்டிவிட. அணிலுக்கு எதிராக என்னிடம் ஒன்றும் இல்லை. தென்னை அதனுடையது.

இப்போது எல்லாம் போட்டிருக்கும் சாதாரண நாளில் முள் 4-இல் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை நெட்டில், அதாவது ஹாம்கள் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் வேளையில், என் பெயர் பட்டியலில் இருக்கிறது. அக்கா ஊரில் இப்போது ஒரு பையன் தேர்வுக்குப் படிக்கிறான், மச்சானின் அண்ணன் மகன். சவுக்குக் கழி வேண்டுமா என்று கேட்டேன். அவர்கள் ஊரிலேயே தோப்பாகக் கிடக்கிறதாம்.

முந்தாநாள் பெரியம்மாவின் மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். டேப்பை எடுத்துக்கொண்டு மாடி ஏறி அளந்தான். வீட்டுக்கு சோலார் போடப்போகிறார்களாம், மூன்று கிலோவாட், இன்வெர்ட்டர் கூடத்துச் சுவரில். என் ஷேக்குக்கு நேர் பின்புறம். "உன் ரேடியோவுக்கு ஏதாவது இடைஞ்சல் வருமாடா, முதல்ல சொல்லிடு" என்று பெரியம்மா சுவருக்கு மேலிருந்து கேட்டார். சோலார் இன்வெர்ட்டர்கள் கிளப்பும் சத்தத்தைப் பற்றி நான் படித்திருப்பதை எல்லாம் விழுங்கிக்கொண்டு, வராது பெரியம்மா, போடுங்க என்றேன். அன்று ராத்திரியே பெரிய சைஸ் ஃபெரைட் வளையம் ஒரு டஜன் ஆர்டர் செய்துவிட்டேன்.